ஒன்பதரை மணி வேர்நுனி

2024 ஜூலை 1, திங்கட்கிழமை

பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்த துறைத்தலைவர் முனைவர் பெர்க்மான்ஸ் 10.05-க்கு வந்தார். கல்லூரியின் பொன்விழாவை ஒட்டி என்னுடைய ‘பயிர்களில் சடுதிமாற்றம்: செய்முறைக் கையேடு’ நூலை மறுபதிப்புச் செய்கிறார்கள். ஆகஸ்ட் 10, சனிக்கிழமை வெளியீடு. உரைப்பகுதி ஐந்நூறு பிரதிகள் அச்சாகிவிட்டன. நடுவில் சேர்க்க வேண்டிய படத் தாள்கள் மட்டும் மீதம். 1983-இல் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள் மங்கிவிட்டனவாம்.

புதிய படங்களை நானே எடுத்துத் தருவதாகச் சொன்னேன். உளுந்து விதைகளை மரபணுவை மாற்றும் ஈ.எம்.எஸ். என்னும் நச்சு மருந்துக் கரைசலில் நான்கு மணி நேரம் வைத்து, முளைக்கவிட்டு, வேரின் நுனியை வெட்டிச் சாயமேற்றி, உயிரணுக்கள் பிரிவதை நுண்ணோக்கியில் காண வேண்டும். என் அட்டவணை 7 அதிலிருந்து பிறந்தது. மருந்தின் மிகக் குறைந்த அளவே உயிரணுப் பிரிதலைக் கணிசமாகக் குறைத்துவிடுகிறது, நாற்று குட்டையாவதற்கு அதுவே காரணம் என்பது அதன் முடிவு. நாற்பத்தொரு ஆண்டுகளாக மாணவர்கள் அதை மனப்பாடம் செய்கிறார்கள். பேராசிரியர் இன்னாசிமுத்து என்றால் அட்டவணை 7.

காப்பி கொண்டுவந்த என் மனைவி மரியபுஷ்பம், “எம்பது வயசுல விஷத்தோட வெளையாட்டா?” என்றாள். பிறகு பெர்க்மான்ஸிடம், “இந்த அட்டவணைக்காக ஒரு பொண்ண அழவச்சு அனுப்புனாரு தம்பி. எம்பத்தேழுல.”

அது 1988 என்று திருத்தினேன்.

“எந்தப் பொண்ணு சார்?” என்றார் பெர்க்மான்ஸ்.

முனைவர் பட்டத்துக்கு வந்த ஓர் ஆய்வேடு, நான் அதன் தேர்வாளர், அது என் அட்டவணைக்கு நேர்மாறான முடிவைச் சொன்னது, ஏற்கவில்லை என்று விளக்கினேன். அவர் 10.50-க்கு விடைபெற்றார்.

ஜூலை 3, புதன்கிழமை

ஆய்வகத்தில் எனக்குத் துணையாகக் குருசுவை வரவழைத்தேன். 1980 முதல் ஓய்வு பெறும்வரை அந்த ஆய்வகத்தின் உதவியாளர்; இப்போது வயது அறுபத்தாறு. விதைகளைக் காலை 6.00 முதல் நீரிலும், நண்பகல் 12.00 முதல் 4.00 வரை மருந்திலும் வைத்தோம். அளவுகள் 10, 20, 30, 40. ஒப்பிடுவதற்காக மருந்தே படாத விதைகள் ஒரு தட்டில்.

“சார், நீங்க மருந்தத் தொடக் கூடாது. அம்மா எங்கிட்ட சத்தியம் வாங்கியிருக்காங்க. நான் ஊத்துறேன், நீங்க தேதிய எழுதுங்க” என்றார் குருசு.

தேதியோடு நேரத்தையும் எழுதினேன்.

ஜூலை 5, வெள்ளிக்கிழமை

வேர்கள் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர். நுனிகளை வெட்டிப் பதத் திரவத்தில் இடும் நாள். திரவத்தில் விழுந்த கணத்தில் உயிரணு எந்நிலையில் இருந்ததோ அந்நிலையிலேயே உறைந்துவிடும்.

இதற்கு என் துறையில் நான் வகுத்த ஒழுங்கு ஒன்று உண்டு. முதலில் மருந்து படாத தட்டு, பிறகு 10, 20, 30, கடைசியாக 40. சுத்தத்திலிருந்து விஷத்துக்குச் செல்லலாம். விஷத்திலிருந்து சுத்தத்துக்கு இடுக்கி திரும்பக் கூடாது. இருபத்தெட்டு ஆண்டுகள் இதை ஒருநாளும் மீறியதில்லை. இன்று மீற நேர்ந்தது.

“மருமவள பன்னண்டு மணிக்கு ஸ்கேனுக்குக் கூட்டிட்டுப் போவணும் சார். விஷத் தட்டு நாலையும் மொதல்ல முடிச்சிட்டு நான் கெளம்புறேன். கன்ட்ரோல் பச்சத்தண்ணிதான? அத நீங்க சாப்ட்டு வந்து பண்ணிக்கங்க” என்றார் குருசு.

“ஒழுங்கு மாறுகிறதே!”

“இடுக்கிய மாத்திக்கிட்டாப் போச்சு. ஒழுங்கு எங்க ஓடிப் போவுது?”

40-ஐ 8.10-க்குத் தொடங்கி, 10-ஐ 10.25-க்கு முடித்தார். மருந்து படாத தட்டின் நுனிகளை நான் உணவுக்கும் ஓய்வுக்கும் பின், பிற்பகல் 2.15-க்கு வேறு இடுக்கியால் வெட்டினேன்.

ஜூலை 6, சனிக்கிழமை

நுனிகள் திரவத்தில் உள்ளன. மரியபுஷ்பத்திற்கு மூட்டுவலித் தைலம் வாங்கினேன்.

ஜூலை 8, திங்கட்கிழமை

கார்மைன் சாயம் ஏற்றி, கண்ணாடி வில்லையில் வைத்து நசுக்கி, எண்ணத் தொடங்கினேன். படம் மட்டும் போதும்தான்; எண்ணாமல் விட எனக்குத் தெரியாது. நூறு உயிரணுக்களில் பிரிந்துகொண்டிருப்பவை எத்தனை என்பதே கணக்கு.

40 அளவில் 4.1. குரோமோசோம்கள் துண்டாகியும் பாலம்போல் இழுபட்டும் கிடந்தன. இது எதிர்பார்த்தது.
30 அளவில் 8.0.
20 அளவில் 11.2.
10 அளவில் 11.9.
மருந்தே படாத வேர்களில் 5.8.

மீண்டும் எண்ணினேன். 5.7. பச்சைத் தண்ணீரில் முளைத்த வேரைக் காட்டிலும் விஷத்தில் ஊறிய வேரில் இருமடங்கு உயிரணுக்கள் பிரிகின்றன. உட்கார்ந்திருந்த முக்காலி நகர்ந்ததுபோல் இருந்தது. குனிந்து பார்த்தேன், நகரவில்லை.

குருசு சீட்டுகளை மாற்றி ஒட்டியிருக்கிறார். வேறு விளக்கம் இல்லை.

ஜூலை 9, செவ்வாய்க்கிழமை

குருசுவிடம் கேட்டேன். அவர் கோபித்ததை நான் இதற்கு முன் கண்டதில்லை.

“லேபிள மாத்திட்டனா? நானா? என் கல்யாணப் பத்திரிகையவே ஒங்ககிட்ட காட்டி, தேதி சரியான்னு கேட்டுட்டு அச்சுக்குக் குடுத்தவன் சார் நான். வேற யாராச்சும் இப்பிடிக் கேட்டிருந்தா மூஞ்சிலயே முழிக்க மாட்டேன்.”

மேலும் மருந்து படாத தட்டுக்குச் சீட்டு ஒட்டியவன் நான்தான். அதை அவர் சுட்டிக்காட்டவில்லை; வீடு திரும்பும்போது எனக்கே நினைவுக்கு வந்தது.

ஜூலை 12, வெள்ளிக்கிழமை

நேற்று முன்தினம் புதிதாக விதைகளுக்கு மருந்திட்டோம். இம்முறை யார்மீதும் ஐயம் எழாதபடி, ஐந்து தட்டுகளின் நுனிகளும் என் கண்முன் அரைமணிக்குள் வெட்டப்பட வேண்டும் என்று முடிவுசெய்தேன். இரு ஜோடிக் கைகள் போதவில்லை. மரியபுஷ்பத்தை அழைத்துச் சென்று, மருந்து படாத தட்டை அவளிடம் கொடுத்தேன்.

“நுனியிலிருந்து சரியாக ஐந்து மில்லிமீட்டர்” என்றேன்.

“அம்பது வருஷமா அவரைக்கா நறுக்குறேன். ஒருநா அளவெடுத்திருக்கீங்களா?”

“அம்மா நறுக்குறதப் பாத்தா சார விட நல்லா வருது” என்றார் குருசு. கோபம் தணிந்துவிட்டது போலும்.

காலை 9.30 முதல் 9.55. முடிந்தது.

ஜூலை 15, திங்கட்கிழமை

மருந்து படாதவை 12.0. பத்து அளவில் 11.8. இருபதில் 11.4. முப்பதில் 7.9. நாற்பதில் 4.0.

பத்தும் இருபதும் பிரிதலைக் குறைக்கவே இல்லை. அட்டவணை 7-இல் அவற்றுக்கு நான் கொடுத்திருக்கும் எண்கள் 8.9, 6.2.

ஒரு வார வேறுபாட்டில் பச்சைத் தண்ணீர் வேர் 5.8-இலிருந்து 12-க்கு ஏறியது எப்படி? விதை அதே. நீர் அதே. தட்டும் அதே. என் குறிப்பில் மாறியிருந்தது ஒன்றே ஒன்று. அன்று 2.15. இம்முறை 9.30.

1981-ஆம் ஆண்டின் ஆய்வுக் குறிப்பேட்டைப் பரணிலிருந்து இறக்கச் செய்தேன். மார்ச் 11, புதன். மருந்து படாதவை காலை 9.30. பத்து அளவு 11.20. இருபது 12.30. உணவு. முப்பது 1.45. நாற்பது 2.40. அதே மாதம் 18-ஆம் தேதி, மீண்டும் அதே வரிசை. 25-ஆம் தேதி, அதே வரிசை, ஐந்து நிமிடம்கூட மாறவில்லை.

வேர்நுனியில் உயிரணுக்கள் நாள் முழுதும் ஒரே அளவில் பிரிவதில்லை. காலையில் மிகுதி, பொழுது ஏற ஏறக் குறைவு. இதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. என் நூலின் இரண்டாம் அத்தியாயத்தில் நானே எழுதியிருக்கிறேன். எழுதிவிட்டு, ஏழாம் அட்டவணையில், மருந்து கூடக்கூடப் பொழுதையும் கூட்டிக்கொண்டே போயிருக்கிறேன். நான் அளந்ததில் பாதி மருந்து, மீதி கடிகாரம்.

மூன்று முறை செய்து மூன்று முறையும் ஒரே விடை வந்தது என்று முன்னுரையில் பெருமையாகக் குறிப்பிட்டிருந்தேன்.

ஜூலை 16, செவ்வாய்க்கிழமை

எதுவும் எழுத இயலவில்லை.

ஜூலை 17, புதன்கிழமை

முதல் தொகுதியில் நுனி வெட்டாமல் மண்ணில் வளரவிட்டிருந்த நாற்றுகளுக்கு இன்று பதினான்காம் நாள். உயரம் அளந்தேன். மருந்து படாதவை 17.2 செ.மீ.; பத்து அளவில் 14.6, நாற்பதில் 6.3. பத்து அளவிலும் நாற்று குட்டையாகிறது. ஆனால் அங்கே உயிரணுக்கள் குறைவின்றிப் பிரிகின்றன. ஆகவே குட்டையாவதற்குக் காரணம் வேறு.

இந்த வாக்கியத்தை எழுதியவுடன், இதை முன்பே எங்கோ படித்திருக்கிறோம் என்று தோன்றியது. எங்கே என்று உடனே தெரிந்தது. 1988-இல் நான் நிராகரித்த ஆய்வேட்டின் கடைசிப் பக்கம்.

என் தேர்வாளர் அறிக்கையின் நகலை எடுத்தேன். ‘ஒவ்வொரு மருந்தளவையும் ஒவ்வொரு நாளில் சோதித்துள்ளார். ஒரே தேதியில் செய்யப்படாத ஒப்பீடு ஒப்பீடே அன்று. இத்தகைய ஒழுங்கின்மைக்குப் பட்டம் வழங்கப் பரிந்துரைக்க இயலாது.’

அவர் ஐந்து தட்டுகளையும் ஐந்து வெவ்வேறு நாள்களில் வெட்டியிருந்தார். ஐந்தையும் காலை 9.30-க்கு வெட்டியிருந்தார்; அதையும் அறிக்கையில் நானே குறித்திருந்தேன்.

மரியபுஷ்பத்திடம் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“இதைத்தானங்க அந்தப் பொண்ணும் சொல்லுச்சு. காப்பியக் கையில வச்சுக்கிட்டே சொல்லுச்சு. காலைல வெட்டுன வேரும் மத்தியானம் வெட்டுன வேரும் ஒண்ணில்ல சார், என் எண்ண ஒருதடவ பாருங்க சார்னு. நான் அடுப்படில நின்னு கேட்டேன்.”

“என்னிடம் அப்படி ஒன்றும் கூறவில்லை.”

“சரி, கூறல. ஒங்க டைரியப் பாருங்க.”

பார்த்தேன். 1988 பிப்ரவரி 17, புதன்கிழமை. என் கையெழுத்து. ‘மாலை 5.10. ஓர் ஆய்வு மாணவி வந்தார். இருபது நிமிடங்கள். வெட்டும் நேரம் குறித்து ஏதோ வாதிட்டார். நகைப்புக்குரியது. தேதி ஒழுங்கின் இன்றியமையாமையை எடுத்துரைத்து அனுப்பினேன்.’

மறந்துபோனது ஒரு பொருட்டன்று. இந்த வயதில் பலவற்றை மறக்கிறோம். கேட்டிருக்கிறேன். கேட்டு, எழுதி வைத்திருக்கிறேன். எழுதிவிட்டு உணவருந்தியிருக்கிறேன், 8.00 மணிக்கு இட்லி என்றும் குறிப்பு இருக்கிறது.

“அவர் பெயர் என்ன?” என்று கேட்டேன்.

“தையல்நாயகி. ஊரு லால்குடி” என்றாள் மரியபுஷ்பம், கீரையிலிருந்து தலையைத் தூக்காமல்.

ஜூலை 22, திங்கட்கிழமை

குருசு விசாரித்து முகவரி பெற்றுத் தந்தார். பட்டம் கிடைக்காததால் தையல்நாயகிக்கு உறுதியாக இருந்த விரிவுரையாளர் வேலை போயிற்று. கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றிருக்கிறார். திருமணம் செய்துகொள்ளவில்லை. காலை 10.40-க்கு அவர் வீட்டுக்குச் சென்றேன். மரியபுஷ்பமும் வந்தாள்.

கதவைத் திறந்தவர் என்னைச் சற்று நேரம் பார்த்தார். “வாங்கம்மா” என்று மரியபுஷ்பத்தை அழைத்தார். பிறகு, “வாங்க சார்.”

“முப்பத்தாறு ஆண்டுகள், ஐந்து மாதங்கள், ஐந்து நாள்கள்” என்றேன்.

“நீங்க அப்பிடியேதான் இருக்கீங்க.”

என் புதிய எண்களை எழுதிய தாளைக் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியைத் தேடி அணிந்து, விரலை வரிவரியாக வைத்து இறங்கினார். முப்பது அளவு வந்ததும் விரல் நின்றது.

“ஏழு புள்ளி ஒம்போதா? எனக்கு எட்டு புள்ளி ஒண்ணு வந்துச்சு. நாப்பதுல நாலு புள்ளி ரெண்டு. பத்துல பதினொண்ணு புள்ளி ஏழு.”

“ஆய்வேட்டின் பிரதி வைத்திருக்கிறீர்களா?”

“இல்ல சார். அதெல்லாம் அப்பவே வெந்நி அடுப்புக்குப் போயிருச்சு.”

நான் தயாரித்து வந்த மன்னிப்பு வாசகம் மூன்று பத்திகள். முதல் பத்தியின் நடுவிலேயே அவர் கையை உயர்த்தினார்.

“சார், இதை எனக்கு எதுக்குச் சொல்றீங்க? நான் சொன்னது சரின்னு எனக்கு அன்னிக்கே தெரியும். தெரியாதவங்களுக்குப் போய்ச் சொல்லுங்க.”

“ஆகஸ்ட் 10 அன்று நூல் வெளியீடு. மேடையில் சொல்கிறேன். தாங்கள் வர வேண்டும்.”

“நான் வரல. நீங்க சொன்னா எனக்குத் தெரிஞ்சிரும்.”

மரியபுஷ்பம் மோர் கேட்டு வாங்கிக் குடித்தாள். இருவரும் மூட்டுவலி பற்றிப் பதினைந்து நிமிடம் பேசினார்கள். எனக்கும் மோர் தரப்பட்டது. குடிக்க இயலவில்லை.

ஜூலை 24, புதன்கிழமை

பெர்க்மான்ஸிடம் எல்லாவற்றையும் விளக்கினேன். அவர் முகம் வெளுத்தது. பிறகு தேறினார்.

“சார், பொன்விழா வருஷம். முதல்வர் ரொம்ப ஆசையா இருக்காரு. நாப்பது வருஷம் போனது போயிருச்சு, இப்ப யார் சார் வேர எண்ணிப் பாக்கப் போறாங்க? ஒரு சின்ன அடிக்குறிப்பு போட்டுக்கலாமே.”

அடிக்குறிப்பு போதாது என்றேன். முடிவில், ஒவ்வொரு பிரதியிலும் அட்டவணை 7-இன்மேல் திருத்தச் சீட்டு ஒட்டுவதற்கு இசைந்தார். வாசகத்தை நானே எழுதி, 30-ஆம் தேதிக்குள் அச்சகத்துக்குத் தர வேண்டும்.

ஜூலை 29, திங்கட்கிழமை

வாசகம் பதினோராம் முறையாகத் திருத்தப்பட்டு முடிந்தது. பதினான்கு வரிகள். மருந்தளவு, நேரம், தேதி அனைத்தும் பிழையின்றி உள்ளன. மேடையிலும் இதையே வாசிப்பேன்.

ஆகஸ்ட் 10, சனிக்கிழமை

விழா 10.30-க்கு என்று அழைப்பிதழ், தொடங்கியது 11.12-க்கு. அரங்கு நிறைந்திருந்தது. பொன்னாடை, வாழ்த்துரை, மறுபடி பொன்னாடை. 12.20-க்கு என்னைப் பேச அழைத்தார்கள்.

வாசித்தேன். அட்டவணை 7 பிழையானது. 1981-இல் வேர்களை வெட்டிய நேரத்தை நான் கருத்தில் கொள்ளவில்லை. இதைச் சரியாகக் கண்ட ஓர் ஆய்வு மாணவியின் ஆய்வேட்டை 1988-இல் நானே நிராகரித்தேன். அந்த நிராகரிப்பு அநீதியானது. பதினான்கு வரிகளும் முடிந்தன.

கல்லூரி முதல்வர் ஒலிவாங்கியை என் கையிலிருந்து மென்மையாக எடுத்தார்.

“பாத்தீங்களா மாணவர்களே! எம்பது வயசுல, இவ்வளவு பெரிய அறிஞர், தன்னைத் தானே விமர்சனம் பண்ணிக்கிறார். இந்தத் தன்னடக்கத்துக்கு ஒரு பலத்த கரகோஷம்!”

கைதட்டினார்கள். எழுந்து நின்று கைதட்டினார்கள். நான் “இல்லை, இல்லை” என்றது ஒருவருக்கும் கேட்கவில்லை. அதையும் அடக்கம் என்றே எடுத்துக்கொண்டார்கள். ஆசிரியர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன். என் வாழ்நாளில் இவ்வளவு கைதட்டலை நான் பெற்றதில்லை.

அப்போது முதல் வரிசையில் இருந்த மரியபுஷ்பம் எழுந்து, மூட்டைப் பிடித்துக்கொண்டு, கூட்டத்தின் பக்கம் திரும்பினாள்.

“கைதட்டாதீங்கய்யா! அவரு அடக்கத்துக்குச் சொல்லல. நெசமாவே தப்பு பண்ணிருக்காரு!”

கைகள் ஒவ்வொன்றாக நின்றன. எல்லோரும் எதை நோக்குவது என்று அறியாமல் என்னை நோக்கினார்கள். என்னைச் சரியாகக் கேட்டவர்கள் அந்தக் கணத்தில்தான் கேட்டார்கள் என நினைக்கிறேன்.

நூல் 12.41-க்கு வெளியிடப்பட்டது. சாப்பாட்டுக்கு நாங்கள் நிற்கவில்லை.

ஆகஸ்ட் 11, ஞாயிற்றுக்கிழமை

காலை 11.20-க்குத் தையல்நாயகி தொலைபேசியில் அழைத்தார்.

“கைதட்டுனாங்களாமே சார்?”

“ஆம். பிறகு நிறுத்தினார்கள்.”

“அம்மா சொன்னாங்க.” சிரித்ததுபோல் இருந்தது. “நேரத்தச் சொன்னீங்களா?”

“9.30, 2.15 இரண்டையும் சொன்னேன்.”

“அளவு?”

“நான்கையும் சொன்னேன். வருடத்தையும் சொன்னேன்.”

“எம் பேரச் சொன்னீங்களா?”

மேடையில் வாசித்த தாள் மேசையிலேயே இருந்தது. எடுத்து மேலிருந்து கீழாகப் பார்த்தேன். ஒருமுறை போதுமானதாக இருந்தும் இருமுறை பார்த்தேன்.

“ஓர் ஆய்வு மாணவி என்று...”

“எனக்கு அறுவத்தஞ்சு ஆவப்போவுது சார்” என்றார். “சரி, வச்சிடறேன். அடுப்புல பால் இருக்கு.”

ஆகஸ்ட் 12, திங்கட்கிழமை

விழாவுக்கு முன் வந்திருக்க வேண்டிய திருத்தச் சீட்டுகள் ஐந்நூறும் அச்சகத்திலிருந்து இன்றுதான் வந்தன. நாளை மறுநாள் பிரதிகளில் ஒட்டி அனுப்ப வேண்டும் என்றார் பெர்க்மான்ஸ். ஒரு வாரம் பொறுக்கச் சொன்னேன். மறு அச்சுக்கு இனி ஒப்பமாட்டார்கள். ஒவ்வொன்றிலும் என் கையாலேயே எழுதிவிடுவது என்று காலை 9.00-க்கு உட்கார்ந்தேன். மரியபுஷ்பம் பாதியைத் தான் எழுதுவதாகச் சொன்னாள். வேண்டாம் என்றேன்.

மாலை 5.00 வரை எழுபத்திரண்டு சீட்டுகள் முடிந்தன. விரைவாக எழுத இயலவில்லை. பதினான்கு வரிகளையும் மிக நெருக்கமாகக் கோத்து அச்சிடச் செய்திருக்கிறேன். வரிகளுக்கு நடுவே ஒரு பெயர் நுழைவதற்கு எங்கும் இடம் இல்லை. தாளைப் பக்கவாட்டில் திருப்பி, விளிம்பில்தான் எழுத வேண்டியிருக்கிறது: ச. தையல்நாயகி, லால்குடி.